ஞாயிற்றுக் கறியும் திங்கட்கிழமை முட்டையும்

ஞாயிற்றுக்கிழமை இரவு பாத்திரம் ஒழிக்கும்போது கறிச்சட்டியின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். நாலைந்து துண்டுக் கறி, ஒரு நல்லி எலும்பு, சட்டியோடு ஒட்டிக்கொண்ட மசாலா, இரண்டு கரண்டிக் குழம்பு. மறுநாள் நாலு பேர் சோற்றுக்கு அது காணாது. கொட்டவும் மனசு வராது. அந்த மிச்சத்தைத் திங்கட்கிழமை காலையில் ஆளுக்கொரு கிண்ணமாக, மேலே ஒரு முட்டையோடு ஓவனில் வேகவைத்து எடுப்பதுதான் இந்த அத்தியாயம்.

கறியையும் முட்டையையும் சேர்த்துச் சாப்பிடுவது நமக்குப் பழகிய ருசி. மதுரைக் கறி தோசையில் மாவின் மேல் முட்டை, முட்டையின் மேல் கறி. கொங்கு நாட்டுப் பரோட்டாக் கடையில் முட்டையோடு குழம்பை ஊற்றிக் கல்லில் அரைவேக்காட்டில் சுருட்டி எடுத்தால் கலக்கி. குழிக்கரண்டியை நேராக அடுப்பில் காட்டி ஒரு ஆளுக்கு ஒரு முட்டையாக ஊற்றும் கரண்டி ஆம்லெட்டும் நம்மிடம் உண்டு. பிரான்சில் கொக்கோத் என்ற சிறு கிண்ணத்தில் முட்டையை உடைத்து, கிரீமும் கொஞ்சம் பன்றித்தொடைக் கறியும் சேர்த்து, வெந்நீர்த் தட்டில் வைத்து ஓவனில் வேகவைப்பார்கள். அந்த முறையை எடுத்துக்கொண்டு, உள்ளே நம் சுக்காவை வைக்கப் போகிறோம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். கறி நேற்றே வெந்தது. முட்டை இன்னும் பச்சை. கறியை முதலில் அடுப்பில் வைத்துத் தண்ணீர் வற்றச் சுண்டவைத்து, ஆவி பறக்கும்போதே கிண்ணத்தில் போட்டு, அதன்மேல் முட்டையை உடைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மற்ற எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

முதல் தடவை எனக்கு இது தெரியாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குழம்பைச் சில்லென்று அப்படியே நாலு பீங்கான் கிண்ணத்தில் அள்ளிப்போட்டு, முட்டையை உடைத்து, 180 டிகிரியில் 15 நிமிடம் வைத்தேன். மஞ்சள் கரு மேலே தோல் கட்டி மாவாகிவிட்டது. ஸ்பூனை உள்ளே விட்டால் அடியில் வெள்ளைக் கரு குழம்போடு கலந்து கொழகொழவென்று பச்சையாகவே கிடந்தது. என் மகன் ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவிட்டான். பள்ளிக்கூட வேன் வாசலில் வந்து நின்றுவிட்டது. அவன் அன்றைக்கு இரண்டு பிஸ்கட்டோடு போனான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. வெள்ளைக் கரு ஏறக்குறைய 62 டிகிரியில் இறுகத் தொடங்கும். அதிலுள்ள முக்கியமான புரதம் முழுக்க உறைய 80 டிகிரி வேண்டும். மஞ்சள் கரு 65-இல் குழம்பாகி, 70-ஐ ஒட்டிக் கெட்டியாகிவிடும். அடியில் 5 டிகிரியில் குளிர்ந்த கறி இருந்தால் கீழேயிருந்து வரும் சூட்டையெல்லாம் அதுவே வாங்கிக்கொள்ளும். மேல் கம்பியின் சூடு மட்டும் மஞ்சள் கருவைத் தாக்கிக்கொண்டிருக்கும். கறி சூடாக இருந்தாலோ, முட்டை விழுந்த நொடியிலிருந்தே அடிப்பக்கம் வேகத் தொடங்கிவிடும்.

இரவிலேயே செய்ய வேண்டியது

"குழம்பைச் சுண்ட வெச்சியாடி?" என்று படுக்கப்போகும் முன் அம்மா கேட்காத ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கிடையாது. ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துப் பழக்கம் அது. இரவு ஒரு கொதி, காலையில் எழுந்ததும் இன்னொரு கொதி. அதில் பெரிய அறிவு இருக்கிறது. வெந்த இறைச்சியில் வளரும் க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தப்பிக்கும். குழம்பு வெதுவெதுப்பாக ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவை முளைத்து மளமளவென்று பெருகும். காலைக் கொதி அப்படி முளைத்தவற்றைத்தான் கொல்கிறது.

ஆனால் இன்றைக்கு வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கும்போது இரவு முழுக்கக் குழம்பை மேடையில் விட்டுவைக்காதீர்கள். வேறு சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு எத்தனை கொதி கொதித்தாலும் போகாது. சமைத்து இறக்கிய 2 மணி நேரத்துக்குள் கறி ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். சித்திரை, வைகாசியில் சமையலறை 32 டிகிரிக்கு மேல் தகிக்கும்போது 1 மணி நேரம்தான் கணக்கு. மதியம் செய்த கறியாக இருந்தால் இரவுக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுத்துச் சூடாக்குங்கள், மிச்சத்தைத் தொடாதீர்கள். ஆழமான சட்டியோடு உள்ளே தள்ளினால் நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும். இரண்டு விரல் உயரத்துக்கு மேல் நிற்காதபடி அகலமான டப்பாவில் பரப்பி மூடுங்கள். அப்படி வைத்த கறி 3 நாள் தாங்கும். ஆனாலும் ஞாயிற்றுக் கறியைத் திங்களன்றே தீர்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

டப்பாவில் போடும் முன் எலும்பை எடுத்துவிடுங்கள். இதை இரவிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கறி வெதுவெதுப்பாக இருக்கும்போது எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும். காலையில் கொழுப்பு உறைந்து இறுகியபின் பிய்க்க நேரமும் எடுக்கும், பாதிக் கறி எலும்போடேயே போய்விடும். ஆட்டுக்கறியைக் கடையில் வெட்டும்போது சிம்பு சிம்பாக உடைந்த எலும்புத் துணுக்குகள் மசாலாவில் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் அளைந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். முட்டைக்கு அடியில் அப்படி ஒரு சில்லு கிடந்து குழந்தையின் வாயில் மாட்டக் கூடாது. நல்லி எலும்பு இருந்தால் உள்ளங்கையில் தட்டி மூளையை மசாலாவிலேயே இறக்குங்கள். அந்தக் கிண்ணம் யாருக்குப் போகிறதோ அவர்கள் அதிர்ஷ்டசாலி.

கோடு இழுத்துப் பார்ப்பது

காலையில் டப்பாவைத் திறந்தால் மேலே ஆரஞ்சு நிறத்தில் கொழுப்பு ஏடு கட்டியிருக்கும். அதை வழித்து ஒரு கிண்ணத்தில் தனியாக வையுங்கள். மிளகாய், மல்லி, பட்டை, கிராம்பு வாசனை எல்லாம் இறங்கியது அதில்தான்; கிண்ணங்களுக்கு உள்ளே தடவ அதைவிட நல்ல நெய் கிடையாது.

கறியைச் சுண்டைக்காய் அளவுக்குப் பிய்த்துப் போடுங்கள். பெரிய துண்டு இருந்தால் முட்டை சரிந்து ஒரு பக்கமாக ஒதுங்கும். இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, வழித்த கொழுப்பில் அரை ஸ்பூன் விட்டு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி வதக்கி, கறியையும் குழம்பையும் சேர்த்து நடுத்தணலில் கிளறுங்கள். முதலில் சளசளவென்று கொதிக்கும். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் மாறி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரகரவென்று பொரியும் ஓசை வரும்.

அப்போது கரண்டி முனையால் சட்டியின் நடுவில் ஒரு கோடு இழுங்கள். இரண்டு பக்கத்துக் குழம்பும் ஓடிவந்து கோட்டை மூடிவிட்டால் இன்னும் வற்ற வேண்டும். கோடு அப்படியே நின்று சட்டியின் கருப்பு தெரிந்தால் அடுப்பை அணைக்கலாம். இரண்டு கரண்டிக் குழம்புக்கு 5 நிமிடம் பிடிக்கும். இதில் அவசரம் கூடாது. கறியில் மிஞ்சும் தண்ணீர் ஓவனுக்குள் ஆவியாகி மேலே ஏறும். வெள்ளைக் கருவோடு கலந்து அதை இறுகவிடாமல் தடுக்கும். ஈரக் கறியின் மேல் உடைத்த முட்டைக்கு எத்தனை நிமிடம் கொடுத்தாலும் அடியில் தண்ணீர்தான் நிற்கும்.

குழம்பு சுண்டினால் உப்பும் சுண்டும். எனவே உப்புப் போடாதீர்கள். ருசி பார்த்து, கரித்தால் வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றை மசித்துச் சேருங்கள். கறி குறைவாக இருக்கும் நாளிலும் அந்தக் கிழங்குதான் கைகொடுக்கும். உருவிய முருங்கைக்கீரை ஒரு பிடி போட்டு வதக்கினாலும் அளவு கூடும். முருங்கைக்கீரைக்கும் முட்டைக்கும் பொருத்தம் பார்க்க வேண்டியதே இல்லை. கீரை விடும் தண்ணீரும் வற்றிய பிறகு கோடு இழுத்துப் பாருங்கள். ஒரு கிண்ணத்துக்கு எலும்பில்லாத கறி 40 கிராம், அதாவது குவித்து இரண்டு மேசைக்கரண்டி போதும். நாலு பேருக்கு 160 கிராம்.

கிண்ணம்

150 முதல் 180 மி.லி. கொள்ளும், வாய் அகன்ற கிண்ணம் எதுவானாலும் சரி. ரேமிகின் என்று கடையில் விற்கும் நேர்ச்சுவர்ப் பீங்கான் கிண்ணம் இதற்கென்றே செய்தது. அதற்காக அலைய வேண்டாம். காபி டபராக்கள் நாலு இருந்தால் வேலை முடிந்தது. எவர்சில்வர் மெல்லிசாக இருப்பதால் சூடு சட்டென்று ஏறி ஓரம் ரப்பராகும் என்பது ஒன்றே அதன் குறை. அதற்கு வெந்நீர்த் தட்டு இருக்கிறது. ஓவனுக்கென்று செய்த போரோசிலிகேட் கண்ணாடி சரி. சாதாரணக் கண்ணாடித் தம்ளர் சூட்டில் விரிசல் விடும். மெலமைன் கிண்ணத்தை ஓவன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஓ.டி.ஜி.யை மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியும்படி 180 டிகிரியில் வைத்து 10 நிமிடம் காயவிடுங்கள். கறி சுண்டும் நேரத்திலேயே இது நடந்துவிடும். கிண்ணத்துக்குள் கொழுப்பைத் தடவி, சூட்டோடு கறியைப் போட்டு, ஸ்பூனின் முதுகால் லேசாக அழுத்தி, நடுவில் குழிப்பணியாரக் குழி மாதிரி ஒரு பள்ளம் பண்ணுங்கள். மஞ்சள் கரு அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் அது ஓரத்துக்கு வழுக்கிப் போய், சூடான சுவரில் ஒட்டி, ஒரு பக்கம் வெந்தும் ஒரு பக்கம் வேகாமலும் நிற்கும்.

முட்டை

ஃபிரிட்ஜ் முட்டையை எழுந்ததும் வெளியே எடுத்து வையுங்கள். மறந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 நிமிடம் போடுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுச் சரியுங்கள். ஒரு கெட்ட முட்டை விழுந்தால் முட்டையோடு கறியும் போய்விடும்.

இரண்டு வாரம் ஆன முட்டையில் வெள்ளைக் கரு நீர்த்துவிடும். ஓட்டின் நுண்துளை வழியாகக் கரியமில வாயு வெளியேறுவதால் வரும் மாற்றம் அது. தோசைக்கல்லில் உடைத்தால் அப்படிப்பட்ட முட்டை ஊரெல்லாம் ஓடும். கிண்ணத்தில் ஓட இடமில்லை என்பதால் அதை இதற்கே வைத்துக்கொள்ளலாம். நாட்டுக்கோழி முட்டை சின்னது. ஒருவருக்கு இரண்டு உடைத்தால்தான் நிறையும்.

உப்பை வெள்ளைக் கருவின் மேல் மட்டும் சிட்டிகையளவு தூவுங்கள். மஞ்சள் கருவில் விழுந்த ஒவ்வொரு கல்லும் வெள்ளைப் புள்ளியாகத் தங்கிவிடும். மஞ்சள் கருவைச் சுற்றி ஒரு தேக்கரண்டி பாலாடை விடுங்கள். கெட்டியான முதல் தேங்காய்ப்பாலும் விடலாம். ஆட்டுக்கறிக்கு எனக்குப் பிடித்தது அதுதான். மேற்பரப்பு காய்ந்து தோல் கட்டாமல் இது காப்பாற்றும். மிளகைக் கடைசியில் தட்டிக்கொள்ளலாம்.

கிண்ணங்களை ஆழமான தட்டில் அடுக்கி, கொதிநீரைக் கிண்ணத்தின் பாதி உயரத்துக்கு ஊற்றி, ஓவனின் நடுத்தட்டில் வையுங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் சுற்றிலும் 180 டிகிரி இருந்தாலும் கிண்ணத்தின் சுவர் அடங்கியே இருக்கும். பீங்கானில் மஞ்சள் கரு ஒழுக வேண்டுமென்றால் 14 நிமிடம், பாதி இறுக 17, முழுக்க இறுக 20. டபராவுக்கு ஒவ்வொன்றிலும் 3 நிமிடம் குறையுங்கள். ஓவனுக்கு ஓவன் இது மாறும். முதல் தடவை உங்கள் ஓவனில் ஆன நிமிடத்தை ஒரு சீட்டில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

பதம் பார்க்க, துணியால் கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கடைசியாக வேகும் இடம் மஞ்சள் கருவை ஒட்டியிருக்கும் வெள்ளை வளையம். அது கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் இன்னும் 2 நிமிடம் விடுங்கள். பால் நிறத்துக்கு மாறி, இளநீர் வழுக்கை போல லேசாக ஆடினால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். பீங்கானுக்குள் அடங்கிய சூடும் கீழே இருக்கும் கறியின் சூடும் மேசைக்குப் போவதற்குள் மிச்சத்தை வேகவைத்துவிடும். முழுக்க வெந்தபின் எடுத்தால் சாப்பிட உட்காரும்போது தாண்டிப்போயிருக்கும்.

ஆளுக்கொரு கிண்ணம் என்பதன் அருமை இங்கேதான் தெரியும். எங்கள் வீட்டில் மாமியாருக்கு மஞ்சள் கரு கல்லாக இருக்க வேண்டும், மகனுக்கு ஓடவேண்டும், எனக்கு இரண்டுக்கும் நடுவில். ஒரே தட்டில் மாமியார் கிண்ணத்தை முதலில் வைத்து, 3 நிமிடம் கழித்து என்னுடையது, இன்னும் 3 நிமிடம் கழித்து அவனுடையது. எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும். கர்ப்பிணிகள், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், வயதானவர்கள், நோயிலிருந்து தேறுபவர்கள் ஆகியோருக்கு மஞ்சள் கரு இறுகியதையே கொடுங்கள். சால்மொனெல்லா கிருமி விஷயத்தில் ருசிக்கு இடம் கொடுக்க முடியாது.

மைக்ரோவேவை இதற்குத் தொடாதீர்கள். மஞ்சள் கருவின் சவ்வுக்குள் ஆவி அடைபட்டு வெடிக்கும். வெளியே எடுத்து ஸ்பூன் பட்ட பிறகும் வெடிக்கலாம். கன்வெக்ஷன் வசதி இருந்தால் அந்த முறையில் மட்டும் செய்யலாம்.

ஓவனே இல்லாத வீட்டில் இட்லிப் பானை போதும். தண்ணீர் கொதித்தபின் கிண்ணங்களை உள்ளே வைத்து, மூடியிலிருந்து ஆவித் தண்ணீர் சொட்டாதபடி மூடியைத் துணியால் கட்டி, 7 முதல் 9 நிமிடம். மேலே பொன்னிறம் வராது. ஆனால் முட்டை பஞ்சாக இருக்கும். ஓவனில் எடுத்ததைவிட இதையே விரும்புகிறவர்களும் உண்டு.

எந்தக் கறி

மட்டன் சுக்கா முதலிடம். ஏற்கெனவே சுண்டியது, சூடாக்கினால் போதும். கொத்துக்கறியும் அப்படியே. கோழி வறுவலும் மிளகுக் கோழியும் நன்றாக வரும், நெஞ்சுக்கறி மட்டும் சக்கையாகும். அதை நார் நாராகப் பிய்த்துக் கூடுதலாக ஒரு ஸ்பூன் தேங்காய்ப்பால் விடுங்கள். பிரியாணிக் கறியில் ஒட்டிய சோற்றை உதறவேண்டாம், அதுவே அடியில் குழம்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கடையில் வாங்கிய கிரில் கோழி மிஞ்சினால் கொஞ்சம் கவனம் வேண்டும். மறுநாள் அதில் ஒரு சிக்கு வாடை வரும். இறைச்சியிலுள்ள இரும்புச்சத்து கொழுப்போடு சேர்ந்து ஆக்சிஜனில் கெடுவதால் எழும் வாடை அது. கிராம்பும் பட்டையும் மஞ்சளும் போட்டுச் சமைத்த கறியில் அவ்வளவாக வராது, ஏனென்றால் அந்த மசாலாக்கள் கொழுப்பு கெடுவதைத் தடுக்கும். எனவே கிரில் கோழியைச் சின்ன வெங்காயம், இஞ்சி, பொடித்த சோம்பு, அரை ஸ்பூன் கறிமசாலாவோடு புதிதாக வதக்கி எடுங்கள். ஈரலைச் சுண்டவைத்தால் ரப்பர். கத்தியால் பொடியாகக் கொத்தி, வதக்கிய வெங்காயத்தில் ஆவி பறக்கும்வரை மட்டும் பிரட்டினால் போதும். மீன் குழம்பை நான் இதில் சேர்ப்பதில்லை. முந்தைய நாள் மீன் குழம்பு பழைய சோற்றுக்கும் இட்லிக்கும் உரியது. அதைச் சுண்டவைத்து முட்டைக்கு அடியில் புதைக்க எனக்கு மனம் ஒப்பாது.

குழம்பு அதிகமாக இருந்து வற்றவைக்க நேரமில்லாத காலையில் மிஞ்சிய சப்பாத்தியை வட்டமாக நறுக்கிக் கிண்ணத்துக்கு அடியில் போடுங்கள். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். குழம்பை அது குடித்துவிடும். முட்டைக்கு அடி காய்ந்திருக்கும்.

மேசையில் வைத்ததும் மிளகைத் தட்டி, மல்லித்தழை கிள்ளிப் போட்டு, ஸ்பூனால் மஞ்சள் கருவை உடைத்து அடிவரை குத்தி எடுங்கள். முதல் வாயிலேயே கறி, வெள்ளை, மஞ்சள் மூன்றும் வர வேண்டும். தொட்டுக்கொள்ள முறுகலாகச் சுட்ட பிரெட், அல்லது மொறுமொறுவென்று வார்த்து நீளவாக்கில் நறுக்கிய தோசை. அப்போதே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். ஒரு தடவை மிஞ்சிய கறியை மறுபடி மிச்சம் வைக்கக் கூடாது.

காலியான கிண்ணங்களில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றி ஊறவையுங்கள். வெந்நீர் ஊற்றினால் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை இன்னும் வெந்து இறுகிக்கொள்ளும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது.